பரணில் பழைய ராணுவத் துப்பாக்கி கிடைத்தால்

போன மே மாதம் ஒரு காலை, நடைப்பயிற்சி நண்பர் கூப்பிட்டார். "அண்ணா, ஜமாலியா வீட்டுக்குக் கொஞ்சம் வர முடியுமா? போன்ல சொல்ற விஷயம் இல்ல."

வடசென்னையில் பெரம்பூர் பக்கம் இருக்கும் ஜமாலியாவில், அவர்கள் பூர்வீக வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று தெரியும். மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடு. போய்ப் பார்த்தால் கூடத்தின் நடுவில் கோணி சுற்றிய நீளமான ஒரு மூட்டை. பரணில் இருந்து இறக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் கயிறு அறுந்து, பித்தளைத் தகடு பதித்த மரக்கட்டையின் அடிப்பாகம் வெளியே தெரிந்தது. நண்பரின் மகன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். கொத்தனாருடன் வந்த பையன் ஒருவன் போல்ட்டின், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டின், கைப்பிடியைப் பிடித்து இழுக்கப் பார்த்தான்.

"கையை எடுப்பா!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுப்படியில் இருந்த நண்பரின் பெரியம்மாவே வெளியே வந்துவிட்டார்.

நான் ராணுவத்தில் ஆயுதங்களையும் இயந்திரங்களையும் பழுது பார்க்கும் ஈ.எம்.ஈ. பிரிவில் 18 வருடம் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி மெக்கானிக்காக, இருந்தவன். செகந்திராபாத்தில் பயிற்சி. ஓய்வுக்குப் பிறகு 11 வருடம் ஒரு வங்கியில் காவல் வேலை. துப்பாக்கியைப் பழுது பார்ப்பது ஒரு தொழில், அதை லைசன்ஸோடு வைத்திருப்பது வேறு பாடம். இரண்டையும் பார்த்தவன் என்பதால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அன்று அந்த வீட்டில் சொன்னதையும் செய்ததையும் இங்கே எழுதுகிறேன். வடசென்னையில் இன்னும் எத்தனையோ பழைய வீடுகள் இடிபடக் காத்திருக்கின்றன. ரயில்வேயிலும் மில்லிலும் துறைமுகத்திலும் போலீசிலும் பட்டாளத்திலும் இருந்தவர்களின் வீடுகள் அவை. இது இன்னொரு பரணிலும் இருக்கலாம்.

முதலில், தொடாதீர்கள். கிடைத்த இடத்திலேயே விடுங்கள். எங்கள் விஷயத்தில் ஏற்கெனவே இறக்கிவிட்டார்கள். இறக்கிய இடத்திலேயே கிடக்கட்டும் என்று சொல்லி, அறையைக் காலி செய்து கதவைச் சாத்தினேன். பழைய துப்பாக்கி, துருப்பிடித்தது, சுடாது என்று நினைப்பதுதான் ஆபத்து. உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. போல்ட்டின் பின்பக்கம் இருக்கும் காக்கிங் பீஸ் என்ற குமிழ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது சுடத் தயார் நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே அடங்கியிருந்தால் பயமில்லை என்று மட்டும் அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். துருவில் சிக்கிய போல்ட்டைச் சுத்தியலால் தட்டுவது, குழலின் வாயில் கண்ணை வைத்துப் பார்ப்பது, இரண்டையும் படித்தவர்களே செய்து பார்த்திருக்கிறேன்.

கூடவே தோட்டாக்கள் கிடைத்தால் இன்னும் கவனம். டப்பாவோடு அப்படியே விடுங்கள். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலும் உள்ளே மருந்து உயிரோடு இருக்கலாம். கையெறி குண்டு மாதிரி எதைப் பார்த்தாலும் வீட்டை விட்டு வெளியே வந்து 100 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள், அவ்வளவுதான்.

அந்தப் பையன் எடுத்த வீடியோவை அழிக்கச் சொல்லவில்லை. யாருக்கும் அனுப்பாதே என்றேன். வாட்ஸப் குழுவில் போட்டால் பத்து நிமிடத்தில் விலை கேட்டு ஒருவர் வருவார். லைசன்ஸ் இல்லாத துப்பாக்கியை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஆனால் எந்த நிலையில் கிடைத்தது என்பதற்குப் படம் வேண்டும். கோணி, கயிறு, பரண், துப்பாக்கி எல்லாம் தெரிகிற மாதிரி எடுங்கள். முத்திரைகள் தெளிவாகத் தெரிய நேராக ஃபிளாஷ் அடிக்காமல், இன்னொரு போனின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். சாக்பீஸ் தேய்ப்பது, ஈரத்துணியால் துடைப்பது எல்லாம் வேண்டாம்.

இப்போது, அது என்ன துப்பாக்கி? ராணுவத் துப்பாக்கி தன் ஜாதகத்தைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கும். தொடாமலே பாதியைப் படித்துவிடலாம்.

நம் ஊரில் கிடைக்கிற ராணுவ ரகங்களில் அதிகம் பார்க்கக்கூடியது லீ-என்ஃபீல்ட், எல்லோரும் 303 என்று சொல்வது. அதிலும் 1907-இல் வந்த மூன்றாம் மார்க் என்ற ரகம். சுமார் 113 சென்டிமீட்டர் நீளம், 4 கிலோவுக்குப் பக்கத்தில் எடை. குழலின் நுனி வரைக்கும் மரம் மூடியிருக்கும், முனையில் மூக்கை நறுக்கிய மாதிரி மொட்டையான இரும்புக் கவசம். அந்த மொட்டை மூக்கைப் பார்த்தாலே பாதி முடிந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து நான்காம் நம்பர் ரைஃபிள் என்றால் குழலின் நுனி இரண்டு விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து, போல்ட்டின் கைப்பிடிக்குக் கீழே, கட்டை இரும்போடு சேரும் இடத்தில் வலது பக்கம் பாருங்கள். மேலே கிரீடம், அதன் கீழே ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் ஜி.ஆர். என்ற எழுத்து, அதன் கீழே செய்த இடம், வருடம், ரகம். என்ஃபீல்ட் என்றால் இங்கிலாந்தின் அரசுத் தொழிற்சாலை. பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்காம் கம்பெனி, சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் செய்த அதே பி.எஸ்.ஏ. தான். லித்கோ என்றால் ஆஸ்திரேலியா. ஜி.ஆர்.ஐ. என்று மூன்றாவது எழுத்தும் இருந்தால் அது நம் நாட்டு இஷாப்பூர் ஆலையில் வெள்ளைக்காரன் காலத்தில் செய்தது. கிரீடத்துக்குப் பதில் அசோகச் சிங்கம் இருந்தால் சுதந்திரத்துக்குப் பிறகு செய்தது. அதே இஷாப்பூரில் 1962 சீனப் போருக்குப் பிறகு 7.62 குண்டுக்காக 2ஏ, 2ஏ1 என்ற ரகங்களைச் செய்தார்கள். பார்க்க 303 போலவே இருக்கும், தோட்டாக்கள் அடங்கும் பெட்டியான மேகசின் மட்டும் கொஞ்சம் சதுரமாக இருக்கும். 2ஏ1-இல் குறி பார்க்கும் பின் சைட்டில் தூர எண் 800 வரை மட்டும்தான், பழையதில் 2000 வரை.

லீ-என்ஃபீல்ட் இல்லை என்றால்? போல்ட்டே இல்லாமல் கீழே ஒரு நீண்ட லீவர் இருந்தால் மார்ட்டினி-ஹென்றி, 1871-இல் பட்டாளத்தில் சேர்ந்தது, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. பக்கத்தில் பெரிய சுத்தியலும், பக்கவாட்டில் திறக்கிற மூடியும் இருந்தால் 1866-இன் ஸ்னைடர். மூடியே இல்லாமல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற என்ஃபீல்ட் என்றால் 1853 ரகம், 1857 கலகத்தில் கொழுப்புத் தடவிய தோட்டாவால் பேர் வாங்கியது. கட்டையிலும் இரும்பிலும் டி.பி. என்று குத்தியிருந்தால் அது கவாத்துக்கு மட்டும் ஒதுக்கியது. என்.சி.சி.யில் தோளில் தூக்கியவர்களுக்குத் தெரியும். அதையும் விளையாட்டுப் பொருள் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொரு குழப்பம் உண்டு. 315 என்று குத்தியிருந்தால் அது பட்டாளத் துப்பாக்கி அல்ல. 303, 7.62 போன்ற ராணுவக் குண்டுகளைப் பொதுமக்கள் வைத்திருக்கத் தடை இருப்பதால், அதே லீ-என்ஃபீல்ட் அமைப்பில் வேறு அளவு குண்டுக்கு இஷாப்பூரில் பொதுமக்களுக்காகச் செய்தது அது. லைசன்ஸ் வேண்டும், ஆனால் தடை செய்யப்பட்ட ரகம் அல்ல. வீட்டில் கிடைத்தது எது என்பதைப் பொறுத்து உங்கள் மேல் விழும் சட்டப் பிரிவே மாறும் என்பதால்தான் இந்த எண்ணுக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

ஜமாலியா வீட்டில் நான் குனிந்து பார்த்தபோது கிரீடம், ஜி.ஆர்., என்ஃபீல்ட், 1917, பிறகு மூன்றாம் மார்க்கைக் குறிக்கும் மூன்று கோடும் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் தெரிந்தன. அந்த நட்சத்திரம் முதல் உலகப் போரின் அவசரம். வேகமாகச் செய்வதற்காக மேகசினை மறைக்கும் தகட்டையும், வெகு தூரத்துக்குக் குறி பார்க்கும் பக்கவாட்டு சைட்டையும் விட்டுவிட்டார்கள். "303 தானே அண்ணா?" என்றார் நண்பர், முகம் வெளுத்துப் போய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கோணி விலகிய இடத்தில் மேகசின் இருக்க வேண்டிய இடம் காலியாக இல்லை, மேகசினும் இல்லை. ஒரு மரத்துண்டு அடைத்திருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. மஸ்கட். பட்டாளம் கழித்த 303-களை எடுத்து, குழலின் உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் வரிகளைக் கடைந்து வழவழப்பாக்கி, 410 அளவு தோட்டாவுக்கு மாற்றி, மேகசினை மரத்தால் அடைத்து ஒரே தோட்டாத் துப்பாக்கியாக்கி, போலீசுக்கும் சிறைக் காவலுக்கும் கொடுத்த ரகம். அதற்கான வேலையும் இஷாப்பூரில்தான் நடந்தது. வெளித்தோற்றத்தில் 303, உள்ளே வேறு ஆள்.

இன்னொன்றையும் பார்த்தேன். போல்ட்டின் மேல் ஒரே வரிசையில் நான்கு வட்டமான துருப் புள்ளிகள், நாலணாக் காசு அளவில். துரு அப்படி வரிசை பிடித்து வராது. பெரியம்மாவைக் கேட்டேன்.

"எங்க மாமனார் வெச்சிருந்தது தம்பி. அவர் ஒரு கிடங்குல காவலுக்கு இருந்தாரு. ஆயுத பூஜைக்கு எடுத்துத் துடைச்சு சந்தனம் குங்குமம் வெப்பாரு. அவர் போனதுக்கப்புறம் எங்க போச்சுன்னே தெரியல. போலீசுல குடுத்துட்டாங்கன்னு இல்ல நான் நெனச்சேன்."

ஈரச் சந்தனம் வருடா வருடம் அதே இடத்தில் இருந்து இரும்பைத் தின்றிருக்கிறது. பயபக்தியோடு வைத்திருந்த பொருள், அவர் இறந்ததும் வெறும் பயமாக மாறி, யாரோ கோணியில் சுற்றிப் பரணுக்கு ஏற்றியிருக்கிறார்கள். எத்தனையோ வீடுகளில் இதேதான் நடந்திருக்கும். சிலர் ராத்திரியோடு ராத்திரியாகக் கால்வாயில் போட்டிருக்கிறார்கள், சிலர் இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருக்கிறார்கள். இரண்டையும் கேள்விப்படும்போது எனக்கு வயிறு எரியும். குற்றமும் நீங்காது, பொருளும் போய்விடும்.

துப்பாக்கி இருந்தால் எங்காவது அதன் காகிதமும் இருக்கும். "மாமனாரோட டிரங்குப் பெட்டி இருக்கா பெரியம்மா?" என்று கேட்டேன். இருந்தது. ரேஷன் கார்டு, இன்ஷூரன்ஸ் காகிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள் நடுவில் ஒரு சின்ன லைசன்ஸ் புத்தகம். கிடங்கு முதலாளியின் பெயரில் லைசன்ஸ், துப்பாக்கியை எடுத்துச் செல்லும் ரீடெய்னராக மாமனாரின் பெயர். அதில் எழுதியிருந்த நம்பரும் குழலின் பின்பக்கம், போல்ட் கைப்பிடியின் பின்புறம் குத்தியிருந்த நம்பரும் ஒன்று. லீ-என்ஃபீல்டில் ஒரே நம்பரை இப்படிப் பல உறுப்புகளில் குத்துவார்கள், மூக்குக் கவசத்தின் அடியிலும் சைட் தகட்டின் கீழும்கூட. எல்லாம் ஒத்துப்போனால் கலப்பில்லாத துப்பாக்கி. நண்பரின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியது. தாத்தா எங்கேயோ திருடி வந்தார் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று உள்ளுக்குள் நடுங்கியிருக்கிறார்.

ஆனால் காகிதம் கிடைத்துவிட்டது என்பதால் வைத்துக்கொள்ள முடியாது. லைசன்ஸ் காலாவதியாகிப் பல காலம் ஆகிறது, அது இவர்கள் பெயரிலும் இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, லைசன்ஸ் இல்லாமல் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது என்கிறது. 21-ஆவது பிரிவு, வைத்திருக்கும் உரிமை முடிந்துவிட்டால் தாமதம் இல்லாமல் அருகில் உள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. லைசன்ஸ் உங்கள் அப்பா அல்லது தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசாக விண்ணப்பிக்கலாம். சென்னையில் அது கமிஷனர் அலுவலகத்தின் வேலை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, பரம்பரைச் சொத்தாக வந்தாலும் அந்தக் கணக்கில்தான் சேரும். முடிவு வரும் வரைக்கும் துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்க வேண்டும், உங்கள் பீரோவில் அல்ல.

"பழங்காலப் பொருள்தானே, சட்டம் பொருந்தாதே" என்று சிலர் சொல்வார்கள். 45-ஆவது பிரிவில் அப்படி ஒரு விலக்கு உண்டு, உண்மைதான். பழைய ரகம், தொல்பொருள் மதிப்பு உள்ளது, அல்லது பழுதானது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக இருக்க வேண்டும். நூறு வயதான லீ-என்ஃபீல்ட் பெரும்பாலும் ஒரு நாள் வேலையில் சுடும் நிலைக்கு வந்துவிடும், என் கையால் செய்தவன் சொல்கிறேன். அந்த விலக்குக்குள் வருமா என்பதை நீங்களும் நானும் முடிவு செய்ய முடியாது.

ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். வழியில் வாகனச் சோதனையில் நிறுத்தினால் நல்ல எண்ணத்தை நிரூபிக்க வேண்டிய நிலை வரும். நாங்கள் போனில் சொன்னோம், நண்பர் நேரில் போய் மனுவும் கொடுத்தார். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, வீட்டின் எந்த இடத்தில், யார் கண்ணில் பட்டது, என்ன முத்திரை, என்ன நம்பர், டிரங்கில் கிடைத்த லைசன்ஸ் புத்தகத்தின் நகல், எல்லாம் ஒரே பக்கத்தில். பக்கத்து வீட்டுக்காரர் இருவரிடம் சாட்சிக் கையெழுத்து. தயக்கம் இருந்தால் ஒரு வக்கீலைக் கூட அழைத்துப் போங்கள். சப்-இன்ஸ்பெக்டரும், ஆயுதப்படை ஆர்மரர் ஒருவரும் வந்தார்கள். அந்த ஆர்மரர் சின்ன வயசு. போல்ட்டை அவர் திறந்தபோது உள்ளே காலி. குழலை வெளிச்சத்தில் காட்டினார், வரியே இல்லாத வழவழப்பு, நடுவில் மட்டும் துருக்குழிகள். மஸ்கட் என்று அவரும் சொன்னதும் எனக்குப் பழைய பட்டறை ஞாபகம் வந்துவிட்டது.

ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். நாங்கள் மனுவைப் பதிவு செய்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதும், நம்பர் குறிப்பிட்ட ஒப்புகையும் முத்திரையோடு வாங்கினோம்.

சரி, பராமரிப்புக்கு வருகிறேன். முறைப்படி உங்கள் கைக்குத் திரும்பி வந்தால், அல்லது ஏற்கெனவே லைசன்ஸோடு வைத்திருந்தால், இது உங்களுக்கு. சுத்தம் செய்வதற்கு முன் காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது, விரலால் தடவிப் பார்ப்பது, இரண்டும் ஒவ்வொரு தடவையும் கட்டாயம்.

பழைய துப்பாக்கியை அதிகம் கெடுப்பது துரு அல்ல, உப்புத்தாள். பளபளவென்று ஆக்க வேண்டும் என்று தேய்த்துவிடுகிறார்கள். முத்திரையும் நம்பரும் அதோடு போய்விடும். நம்பர் தேய்ந்த துப்பாக்கி வரலாறும் இல்லாதது, சந்தேகத்துக்கும் உரியது. கறுத்த, கெட்டியான பழுப்புத் தோல் இருந்தால் விட்டுவிடுங்கள், அது இரும்புக்குக் காவல். விரலில் ஒட்டும் சிவப்புத் துருதான் எதிரி. தையல் மெஷின் எண்ணெய் தடவி ஒரு நாள் ஊற விட்டு, முரட்டுப் பருத்தித் துணியால் துடையுங்கள். விடாப்பிடியான இடத்தில் பழைய செப்புக் காசின் ஓரத்தால் மெதுவாகச் சுரண்டலாம், செம்பு இரும்பைவிட மென்மையானது என்பதால் கீறாது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடித்துப் பிசினாகிவிடும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், ஆனால் காய்ந்த பிறகு இரும்பை வெறுமையாக விட்டுவிடும். அதை வைத்துத் துடைத்தால் மறுபடியும் எண்ணெய் தடவியே ஆக வேண்டும்.

குழலுக்குப் பட்டாளத்தில் புல்த்ரூ என்று ஒரு கயிறு, அதில் சிந்தி என்று சொல்லும் துணித்துண்டு. லீ-என்ஃபீல்டின் பட் தகட்டில், அதாவது தோளில் பதியும் கட்டை நுனியின் தகட்டில், சின்னக் கதவு இருக்கும், அதன் உள்ளே எண்ணெய்க் குப்பியும் புல்த்ரூவும் வைப்பார்கள். திறந்து பாருங்கள், சில நேரம் நூறு வருடத்துக் கயிறு அப்படியே இருக்கும். அதைப் பயன்படுத்தாதீர்கள், உள்ளே அறுந்தால் எடுப்பது பெரும்பாடு. புதுக் கயிறு போடுங்கள், பின்னால் இருந்து முன்னால் இழுங்கள்.

பித்தளைக்குப் புளி வேண்டாம். நம் வீட்டில் குத்துவிளக்கைப் பார்த்ததும் கை புளிக்குத்தான் போகும். புளியும் பீதாம்பரியும் மரத்தின் இடுக்கில் இறங்கிப் பின்னால் பச்சைக் களிம்பாகத் திரும்பி வரும். உலர்ந்த துணி போதும். கறுத்த பித்தளை அழகுதான்.

மரத்துக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள். காய்ச்சாத பச்சை ஆளிவிதை எண்ணெய் நாலு சொட்டு, உள்ளங்கையால் சூடு வரும் வரை தேய்த்து, மீதியைத் துடைத்துவிட வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை போதும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு அப்புறம் தூக்கிப் போடுங்கள். இரும்புக்குத் தடவும் எண்ணெய் மரத்தில் இறங்கினால் மரம் கறுத்து ஊறிப்போகும். அதனால்தான் பழைய ஆர்மரர்கள் துப்பாக்கியை வாய் கீழாக நிறுத்தி வைப்பார்கள், பிடிக்கட்டை பக்கம் எண்ணெய் வடியாது. மரத்தில் மாவு மாதிரி பொடி உதிர்ந்தால் உளு விழுந்திருக்கிறது என்று அர்த்தம், உடனே மற்ற மரச்சாமான்களில் இருந்து பிரித்து வையுங்கள்.

நம் பக்கத்துக் காற்றுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் ஜன்னல் கம்பியே சில வருடத்தில் இற்றுப்போகிறது. பெரம்பூர் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் மழைக்காலத்து ஈரம் ஒன்றுதான். கோணி, தோல் உறை, ரெக்சின் உறை எதிலும் வைக்காதீர்கள், எல்லாம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வெளிச்சுவரை ஒட்டாத உள் அறை, பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி, தரையில் இருந்து உயரமாக. 2015 டிசம்பரில் வியாசர்பாடி பக்கம் எத்தனை வீட்டு பீரோவின் அடித்தட்டு தண்ணீரில் நின்றது என்று ஞாபகம் இருக்கும். வெயில் காலத்தில் மாதம் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகையில் வாரம் ஒரு தடவை எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. தொட்ட பிறகு கட்டாயம் துடையுங்கள், வியர்வையில் உப்பு இருக்கிறது.

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பட்டாளத்தில் தசராவுக்கு நாங்களும் ஆயுதங்களை வரிசையாக வைத்துக் கும்பிட்டவர்கள்தான். இரும்பில் வைக்காமல் கட்டையின் மேல் ஒரு வெற்றிலையை வைத்து அதில் பொட்டு வையுங்கள். அன்று சாயங்காலமே எடுத்துவிடுங்கள்.

ஜமாலியா மஸ்கட் திரும்பி வராது. அது நண்பருக்கும் தெரியும். எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகக் கட்டடத்தில் காவல் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தத் துப்பாக்கியை அழிக்காமல் அங்கே வைக்க முடியுமா என்று கேட்டு நண்பர் பெயரில் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். லைசன்ஸ் புத்தகத்தின் நகல், மாமனாரின் காக்கிச் சட்டைப் படம், நான்கு பொட்டுத் தழும்பும் தெரிகிற மாதிரி ஒரு படம், மூன்றையும் இணைத்திருக்கிறோம். அந்தத் தழும்பை யாரும் துடைத்து எடுத்துவிட வேண்டாம் என்று கடைசி வரியில் எழுதச் சொன்னவர் பெரியம்மா. பதில் இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் நானும் நண்பரும் நேரில் போய்க் கேட்கப் போகிறோம்.